இருபத்து நான்காவது கல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக எழுத ஆரம்பித்ததல்ல. முப்பது விநாடியில் படித்து முடிக்க வேண்டிய ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட குறிப்புகள் இருபத்து மூன்றை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்து நான்காவதை எழுத உட்கார்ந்தபோது அது அடங்க மறுத்தது. சுருக்கிப் பார்த்தேன். சுருக்கச் சுருக்க யாரோ ஒருவர் அதிலிருந்து காணாமல் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் அதன் போக்கில் விட்டுவிட்டேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தக் குறிப்பைத்தான்.

நான் தண்டலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். பொறியியல் கல்லூரியில் தமிழ் வாத்தியாருக்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதுவேன், அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்ப்பேன். ஆகவே என் பழைய மாணவன் ஸ்டீவ் வந்து, "சார், கல்லு பேசணும் சார். டயலாக் நீங்கதான் எழுதணும்" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டீவின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய இடங்களின்மேல் ட்ரோனைப் பறக்கவிட்டு நூற்றுக்கணக்கில் படம் எடுப்பான். அவற்றைக் கணினியில் ஒன்றாக இணைத்தால் இடம் அப்படியே எழுந்து நிற்கும். பிறகு அதன்மேல் பழங்காலத்தை ஏற்றுவான். நீங்கள் அந்த இடத்துக்கே போய் ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் எதிரே உள்ள புதரும் கல்லும் தெரியும், அவற்றுக்கு நடுவிலேயே மூவாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதர்கள் நடமாடுவதும் தெரியும். இதற்கு மிகை மெய்ம்மை என்று கலைச்சொல் உண்டு. அதை உண்டாக்கியவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டீவ் ஏ.ஆர். என்பான். அவன் செய்யும் செயலியில் ஒவ்வொரு கல்லுக்கும் என் குரலில் முப்பது விநாடிக் குறிப்பு ஒன்று வர வேண்டும், அதுதான் டயலாக்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால், காலம் உறைந்துபோய்—" நிறுத்திவிட்டேன். காலம் உறைந்தது, காலம் உருண்டது என்று மாணவன் எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன்.

இரண்டு: "அன்று காலை சகாயமேரிக்குக் கையெல்லாம் சுண்ணாம்பு." இது பரவாயில்லை. ஆனால் சகாயமேரி யார், எதற்குச் சுண்ணாம்பு என்று நீங்கள் கேட்பீர்கள். நான் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

மூன்று: ஊரிலிருந்து தொடங்குவது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஊருக்கு மேட்டுப்பட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். (உண்மைப் பெயர் இல்லை. மனிதர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.) சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கால்மணி நேரம். நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள், ஒரு மாதா கோயில், சுவர் எடுத்த கல்லறைத் தோட்டம். சுவருக்கு வெளியே முள்ளும் பனையுமாக ஒரு பொட்டல். பொட்டலின் மறுகோடியில் தொழிற்சாலை மதில் வந்துவிடும்.

அந்தப் பொட்டலில் முழங்கால் உயரத்துக்குக் கற்கள் வட்டமாக நிற்கின்றன. ஊரில் அதைக் 'குள்ளன் வூடு' என்பார்கள். இரும்புக்கால மனிதர்கள் இறந்தவரைப் புதைத்துச் சுற்றிலும் நட்ட கல்வட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. முதல்நாள் போய்ப் பார்த்தபோது, இந்தக் கற்களுக்கு நான் என்ன டயலாக் எழுதுவேன் என்று கவலையாக இருந்தது. அவை மாடு கட்டுவதற்குத் தோதான கற்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

3

ட்ரோன் பறக்க அனுமதி கிடைத்தது நவம்பர் நான்காம் தேதி காலை. இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார் குற்றமும் இல்லை.

நானும் ஸ்டீவும் போய் இறங்கினால், கல்வட்டத்தில் இருபத்து மூன்று கற்களும் பளபளவென்று வெள்ளையாக நிற்கின்றன. சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயவில்லை. ஸ்டீவ் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு பண்ண வேல இது?"

அன்பியத்துப் பெண்கள் ஆறேழு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் செய்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர்.) முன்னால் நின்றவர் சகாயமேரி. ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை. மாடியில் இரண்டு அறை கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"நாங்கதான்பா. படம் எடுக்க வர்றீங்கனு ஃபாதர் சொன்னாரு. எங்க கல்லறைலாம் பளிச்சுனு கீது, இது மட்டும் அழுக்கா கெடந்தா நல்லாவா கீது? அதான் மீந்த சுண்ணாம்ப இதுக்கும் அடிச்சிட்டோம்."

"ஆன்ட்டி, இது மூவாயிரம் வருஷத்துக் கல்லு!"

"அதத்தான் நானும் சொல்றேன். மூவாயிரம் வருஷமா ஒருத்தரும் ஒரு கோட்டு சுண்ணாம்பு அடிக்கல பாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டீவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

(ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் பழைய கற்களுக்கு வெள்ளையடிக்கக் கிளம்ப வேண்டாம். ஸ்டீவுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்த திட்ட அலுவலர் வந்து சத்தம் போட்டார். நல்லவேளையாக அந்த வருட மழை இரண்டே வாரத்தில் எல்லாவற்றையும் கழுவிவிட்டது.)

அனுமதி அந்த ஒரு காலைக்குத்தான். வேறு வழியில்லாமல் ஸ்டீவ் ட்ரோனை ஏற்றினான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மீட்டர், இருபது மீட்டர், நாற்பது மீட்டர். பொட்டல் முழுவதும் செம்மண். அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாய் ஒரு வட்டம் எழுந்து வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மிகையாகச் சொல்லவில்லை. கீழே நின்று பார்த்தபோது மாடு கட்டத் தோதாகத் தெரிந்த அதே கற்கள்தான். மேலிருந்து பார்த்தால் யாரோ பலர் கூடி நின்று, நடுவில் முளை அடித்து, கயிறு பிடித்து, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வைத்தது தெரிகிறது. இறந்தவர் ராஜாவா, உழுகிறவரா, தெரியாது. அவருக்காக இவ்வளவு பேர் இவ்வளவு சரியாக ஒரு வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்த வட்டத்தை மேலிருந்து பார்க்க அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. நான் பார்த்தேன், அதுவும் ஒரு தப்பான வெள்ளையடிப்பின் புண்ணியத்தில்.

அன்று சாயங்காலமே இருபத்து மூன்று குறிப்புகளையும் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

4

அடுத்து வருகிற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். நாச்சியார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சகாயமேரி வீட்டு மாடியில் குடியிருப்பவள், சுங்குவார்சத்திரத்தில் ஃபோன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஃபோனுக்குள் இருக்கும் பச்சைப் பலகை லைனில் வரும். அதில் பொடிப்பொடியாகப் பாகங்கள் பதித்திருக்கும். எது குறைகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை.

கதையில் ஏதோ ஒன்று குறைகிறது, அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். உடனே குறைகிறதைக் கண்டுபிடிக்கிறவளே மாடியிலிருந்து இறங்கி வருகிறாள் என்றால், நீங்கள் நம்புவீர்களா? நானாக இருந்தால் நம்பமாட்டேன். அவளை நர்ஸாக மாற்றிப் பார்த்தேன். துணிக்கடைப் பெண்ணாக மாற்றிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. நாச்சியார் இருக்கிறாள், அவளுக்கு அந்த வேலைதான். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ட்ரோன் பறந்த அன்று ஷிஃப்ட் முடிந்து வந்தவள், சகாயமேரி வீட்டுக் கூடத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து உள்ளே வந்தாள். ஸ்டீவின் மடியில் இருந்த டேப்லெட்டில் ட்ரோன் படத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது.

"இதுல ஒண்ணு குறையுதுல்லா?"

"இன்னா குறையுது?" என்றான் ஸ்டீவ்.

"கல்லுதான். இங்கன பாருங்க. எல்லாக் கல்லுக்கும் நடுவுல எடவெளி ஒண்ணுபோல வருது. இந்த ரெண்டுக்கு நடுவுல மட்டும் ரெட்டிப்பா இருக்கு." அவளே படத்தை விரலால் நகர்த்தினாள். "அது எங்கயும் போவல. அந்தா கெடக்கு பாத்தியளா, பனைமரத்துக்கிட்ட. அதுக்கும் வெள்ளையடிச்சிருக்காவ."

வட்டத்திலிருந்து நாற்பதடி தள்ளி, தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்டீவ் அளந்தான். அதே கல், அதே உயரம், அதே பருமன். ஐந்து நிமிடத்தில் பனைமரத்தடிக் கல்லைத் திரையில் தூக்கிக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் வைத்தான். வட்டம் முழுமையானது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

சகாயமேரி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அத்த ஏன் எடுத்த?" என்றார்.

"எடுக்கல ஆன்ட்டி. அதோட சொந்த எடத்துல வச்சிருக்கேன்."

அவர் உள்ளே போய்விட்டார். அதற்குள் ஸ்டீவ் படத்தைத் திட்ட அலுவலருக்கு அனுப்பிவிட்டான். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'அற்புதம். நிஜத்திலும் அந்தக் கல்லை எடுத்து வட்டத்தில் நட்டுவிடலாமே.'

5

மறுநாள் மத்தியானம் சகாயமேரி என் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். கேன்டீன் சீருடையை மாற்றக்கூட இல்லை.

"அந்தக் கல்லப் பத்தி நீங்கதான சார் எழுதப்போறீங்க?"

"ஆமாம்மா."

"அது என் புள்ள கல்லு சார்."

[இங்கே நான் எழுதியிருந்த வாக்கியம்: 'அந்த ஐந்து சொற்களில் ஒரு தாயின்—' வேண்டாம். அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.]

தொண்ணூற்றொன்பதாம் வருடம். முதல் பிரசவம். பெண் குழந்தை, பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கும் வழக்கம் அப்போது அந்த ஊரில் இல்லை. சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். கணவர் சின்னப்பராஜ் பனைமரத்தடியில் குழி வெட்டினார். அந்தப் பொட்டலில் அன்றைக்கு நரி நடமாட்டம் இருந்தது. தோண்டிவிடுமே என்று பயம். மேலே வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும். கண்ணெதிரே குள்ளன் வூட்டுக் கற்கள். கடப்பாரையால் நெம்பி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டார்.

"அது பழங்காலத்துக் கல்லுனு எங்களுக்கு இன்னா சார் தெரியும்? நரி வரக் கூடாது, அவ்ளோதான்."

"யார் யாரம்மா போனீங்க?"

"அவரு, நானு. மொதநாள் பெத்த ஒடம்பு, நான் பனைல சாஞ்சிகினு ஒக்காந்துகினு இருந்தேன். வேற ஒருத்தரும் வரல. எங்க மாமியா, 'அதுக்கு இன்னாத்துக்குக் கூட்டம்'னுட்டாங்க. ஒரு மணி அடிக்கல, ஒரு ஜெபம் சொல்லல. இவுரு கல்லத் தள்ளிட்டு வேர்த்துப்போய் நின்னாரு. வூட்டுக்கு வந்துட்டோம்."

அப்புறம் இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இருவருக்கும் இது தெரியாது. சின்னப்பராஜ் ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு எல்லோருக்கும் முன்பாகப் போய், அந்த ஒரு கல்லுக்கு மட்டும் சகாயமேரி வெள்ளையடித்துவிட்டு வருவார். முள்ளுக்குள் கிடப்பதால் யாரும் கவனித்ததில்லை. இந்த வருடம் மேலிருந்து படம் எடுக்கப்போகிறார்கள் என்று ஃபாதர் சொன்னதும் பயம் வந்துவிட்டது. பொட்டலில் ஒரே ஒரு வெள்ளைக் கல் இருந்தால் கண்ணில் படும், கேட்பார்கள். அடிக்காமல் விடவும் மனசு வரவில்லை. அன்பியத்துப் பெண்களிடம் பேசி, எல்லாக் கல்லுக்கும் அடிக்க வைத்துவிட்டார்.

"எல்லாம் வெள்ளையா இருந்தா இது ஒண்ணு தெரியாதுனு நெனச்சேன் சார். அதனாலதான் அந்தப் பொண்ணு எண்ணிட்டா."

இப்போது அலுவலர் கல்லை எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் மண்ணைக் கிளறுவார்கள். தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மகன்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். இல்லாத மனுஷன் மேல், மூவாயிரம் வருடத்துக் கல்லை உருட்டியவன் என்ற பேர் வரும்.

"நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். ஷேர் ஆட்டோ நிறுத்தம்வரை கூட நடந்துபோய் ஏற்றிவிட்டு வந்தேன்.

6

எழுதிப் பார்த்து அடித்துவிட்ட முடிவுகள்.

முடிவு அ. கல்வட்டத்தைத் தோண்டுகிறார்கள். உள்ளே தாழியில் ஒரு குழந்தையின் எலும்பு. மூவாயிரம் வருடத்துக்கு முன் ஒரு தாய், இன்றைக்கு ஒரு தாய். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் பொய். அந்த வட்டத்தை யாரும் தோண்டவில்லை, உள்ளே யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என் கதைக்குத் தோதாக ஒரு குழந்தையைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஆ. நாச்சியார் தன் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள். இது பாதி நடந்தது. சகாயமேரி அவளிடம் விஷயத்தைச் சொன்ன அன்று, அழுதுகொண்டே என்னிடம் ஃபோனில் பேசினாள். "நான் தப்பா எண்ணிட்டேன்னு அந்த ஆபீசர்ட்ட சொல்லிருதேன் சார். கண்ணு சரியில்லன்னு சொல்லுதேன்." கண்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. சகாயமேரி விடவில்லை. "வாணாம்மா. நீ சரியாத்தான எண்ணுன" என்று சொல்லிவிட்டார்.

முடிவு இ. 'ஒரு நாள்—' (இதற்குமேல் எழுதவில்லை.)

7

நடந்தது இது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெயில் ஏறிய நேரம். செயலியைச் சோதித்துப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் பொட்டலுக்குப் போனோம். செயலி முடிந்து வரட்டும் என்று அலுவலர் கல்லை எடுப்பதைத் தள்ளி வைத்திருந்தார். விஷயம் எங்கள் நால்வருக்கு மட்டும்தான் தெரியும். மழையில் சுண்ணாம்பெல்லாம் போய், கற்கள் பழைய நிறத்துக்கு வந்திருந்தன. ஸ்டீவ் தன் ஃபோனைச் சகாயமேரி கையில் கொடுத்து, "வட்டத்துப் பக்கம் காட்டுங்க ஆன்ட்டி" என்றான்.

அவர் தூக்கிப் பிடித்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். திரையில் அதே பொட்டல், அதே முள், தூரத்தில் அதே தொழிற்சாலை மதில். அவற்றுக்கு நடுவே மனிதர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு பேர். கறுத்த, ஒல்லியான மனிதர்கள். கம்புகளில் கயிறு கட்டி ஒரு கல்லைச் சுமந்து வந்தார்கள். மெல்ல இறக்கினார்கள். ஒரு கிழவர் குனிந்து, கல் நேராக நிற்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். ஒரு பெண் மண்கலயத்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அப்புறம் எல்லோரும் சும்மா நின்றார்கள். அவர்களுடைய நிழல்கூட அந்த நேரத்து வெயிலுக்குச் சரியாக விழுந்தது. ஸ்டீவ் கணினியில் செய்தவர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

சகாயமேரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேரு! ஒரு சாவுக்கு எத்தினி பேரு வந்துகீறாங்க பாரு!"

ஒருவர் பின் ஒருவராக எல்லா முகத்தையும் பார்த்தார். பிறகு ஃபோனை இறக்காமலே கேட்டார்.

"ஸ்டீவு, இவங்கள அங்க கூட்டினு வர முடியுமா?"

கண்ணால் காட்டிய இடம் பனைமரத்தடி. தொழில்நுட்பம் பேசாமல் ஸ்டீவை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபோனை வாங்கிக்கொண்டு முள்ளை விலக்கி நடந்தான். பனைமரத்தடிக் கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திரையில் ஏதோ அழுத்தினான். எழுந்து வந்து சகாயமேரியிடம் திரும்பக் கொடுத்தான்.

இருபத்திரண்டு பேரும் அங்கே வந்துவிட்டார்கள். பனையைச் சுற்றி, முள்ளுக்கு மேலாக, அந்த ஒரு கல்லைச் சுற்றி நின்றார்கள். கிழவர் குனிந்து அந்தக் கல்லைத் தடவினார். நாச்சியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடும் வழக்கம் நமக்கு இல்லை. சகாயமேரியும் கூப்பிடவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று அவர்களுக்கு இடம் விட்டார்.

8

நியாயமாகக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்டீவிடம் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் இருபத்து நான்காவது கல் வட்டத்தில் நிற்கிறது. மற்றதில் பனைமரத்தடியில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று என் குரல் முப்பது விநாடி சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒன்றை அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முதலாவதை அனுப்பினால் கடப்பாரையோடு ஆட்கள் வருவார்கள். இரண்டாவதை அனுப்பினால் சகாயமேரியின் மகன்கள் அதை ஒருநாள் கேட்பார்கள்.

"எது அனுப்பட்டும் ஆன்ட்டி?" என்று ஸ்டீவ் கேட்டான்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம்தான் சொன்னார். "ஊர் பேரு, என் பேரு எல்லாத்தையும் மாத்திகினு நீங்க மொதல்ல எழுதுங்க சார். முன்னப்பின்ன தெரியாதவங்க நாலு பேரு படிக்கட்டும். அவங்க இன்னா சொல்றாங்கனு பாத்துக்கினு சொல்றேன்."

எழுதிவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருவர் நீங்கள். கல் எங்கே நிற்கட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டீவ் செய்த காட்சி நான்கு நிமிடம் ஓடும். அது முடிந்ததும் அந்த மனிதர்கள் மங்கி மறைந்துவிடுவார்கள், வெறும் முள்ளும் கல்லும்தான் மிஞ்சும். அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. கதையில் அப்படி நடக்க விடமாட்டேன். நீங்கள் யோசித்துச் சொல்கிறவரை அந்த இருபத்திரண்டு பேரையும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நிறுத்திவைக்கிறேன்.